ஒரு சாண் தூரம்

ஏப்ரல் 8, செவ்வாய்

பழைய ஸ்ப்ரே கன் இன்று கீழே விழுந்தது. நான் போடவில்லை. கையில் இருந்தது, பிறகு தரையில் இருந்தது. பத்தொன்பது வருடம் என்னோடு உழைத்த சாமான். முனை கோணிப்போய்விட்டது. இனி அது காற்றை ஒரு பக்கமும் பெயிண்டை இன்னொரு பக்கமும் துப்பும்.

துளசிமணி குனிந்து எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தாள். "தரை வழுக்குச்சுங்களா?" என்றாள். தரை வழுக்கினால் நான்தானே விழ வேண்டும், கன் எப்படி விழும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. என் மனைவி சில சமயம் யோசிக்காமல் பேசுவாள்.

விழுவதற்கு இதைவிட மோசமான நேரம் பார்க்க முடியாது. பள்ளிக்கூட வேன் ஆறு, மஞ்சள் அடிக்க வருகிறது. மே மாதக் கடைசியில் ஆர்.டி.ஓ. ஆய்வு. மேனேஜர் ஆறுச்சாமி கறாராகச் சொல்லிவிட்டார்: முதல் இரண்டு வண்டியைப் பார்ப்பார், பிடித்தால் மீதி நான்கும் எனக்கு. பிடிக்காவிட்டால் கோயமுத்தூரில் கண்ணாடி அறை கட்டி ஏசி போட்டு பெயிண்ட் அடிக்கிறவர்களிடம் போய்விடுவார். பொங்கலூரில் கார் பெயிண்டர் என்றால் சென்னியப்பன் என்று இருபத்தைந்து வருடமாகப் பேர். இந்த வண்டிகள் கைவிட்டுப் போனால் அந்தப் பேரும் கூடவே போகும்.

ஏப்ரல் 9, புதன்

கோயமுத்தூர் போய் இதாயத் பாய் கடையில் இரண்டு மணி நேரம் நின்றேன். கன் விற்கிற கடையில் எல்லாக் கன்னும் நன்றாகத்தான் மின்னுகிறது. பாய் நேர்மையான ஆள்.

"இங்க நின்னு பாத்து ஒண்ணும் தெரியாதுண்ணே. உங்க கம்ப்ரசர்ல மாட்டி, உங்க பெயிண்ட ஊத்தி அடிச்சுப் பாக்கோணும். மூணு கன் தர்றேன். ஒரு மாசம் வெச்சுப் பாருங்க. எது எப்பிடின்னு அன்னன்னைக்கு எழுதிக் குடுங்க. மத்த பெயிண்டருங்களுக்கு நான் சொல்றதுக்கு ஆவும்."

எழுதுவதற்கு இந்த டைரியையும் அவரே கொடுத்தார். பெயிண்ட் கம்பெனி டைரி. ஜனவரியில் யாருக்கும் வேண்டாமல் மிச்சம் போனது.

மூன்று கன்னுக்கும் மேலே கப். பெயிண்ட் தானாக இறங்கும். திருகு சிவப்பாக உள்ளது பெரிய கப். நீலத் திருகு நடுத்தரம். கறுப்புத் திருகு சின்னது, சும்மா தூக்கினால் தூக்கியதே தெரியாது. அதைக் குழந்தைகளுக்குப் பண்ணியிருப்பார்கள் போல.

பாய் கடையில் டீயை விளிம்பு வரை ஊற்றுகிறார்கள். யார் எடுத்தாலும் சிந்தும். பாய்க்குச் சிந்தவில்லை. அவருக்குப் பழக்கம்.

ஏப்ரல் 10, வியாழன்

இதைப் படிக்கிற பெயிண்டர்களுக்காகச் சோதிக்கும் முறையை எழுதுகிறேன். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

செய்தித்தாளைச் சுவரில் ஒட்ட வேண்டும். முனைக்கும் தாளுக்கும் ஒரு சாண் தூரம். முதலில் விசையை ஒரு தட்டு: முட்டையை இழுத்துவிட்டதுபோல் நீளமாக விழ வேண்டும், நடுவில் பிதுங்கக் கூடாது. பிறகு இடமிருந்து வலமாக ஒரு இழுப்பு: பட்டை ஒரே அகலத்தில் நேராகப் போக வேண்டும். மணிக்கட்டை வளைக்கக் கூடாது, ஆள்தான் நகர வேண்டும். அந்தத் தாளை வெட்டி அன்றைய பக்கத்தில் ஒட்டி வைத்தால் கன்னின் ஜாதகம் கையில் இருக்கும்.

கன்னோடு வந்த சீட்டில் ஆறு முதல் ஏழு அங்குலம் என்று போட்டிருக்கிறது. என் சாண் ஒன்பதரை. சீட்டு எழுதியவர் பேனா பிடித்தவராக இருப்பார், கன் பிடித்திருக்க மாட்டார். நான் என் சாணிலேயே அடிக்கிறேன்.

இன்னொன்று. ஒரு பெயிண்டரின் கன்னை இன்னொரு பெயிண்டர் தொடக் கூடாது. ஒவ்வொரு கையும் ஒவ்வொரு விதமாகத் திருகு வைத்திருக்கும். கேட்டால் பைக்கைக்கூடக் கொடுப்போம், கன்னைக் கொடுக்க மாட்டோம். என் கன்னைத் தொடுகிற ஒரே ஆள் துளசிமணி. அதுவும் கழுவுவதற்கு. பள்ளத்தை நிரப்பிய பட்டியைத் தேய்ப்பதும், வேலை முடிந்ததும் கப்பில் மிஞ்சியதைப் பழைய தாளில் அடித்துத் தீர்த்து, தின்னர் ஊற்றிக் கன்னைக் கழுவுவதும் இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. அடிப்பது என் வேலை.

ஏப்ரல் 12, சனி

சிவப்பு. ஒரு கார் கதவில் அடித்தேன். என் கம்ப்ரசர் இரண்டு குதிரைச் சக்திதான். இந்தக் கன் காற்றைக் குடம் குடமாகக் குடிக்கிறது. பாதிக் கதவு வருவதற்குள் காற்று இறங்கிவிட்டது, பெயிண்ட் ஆரஞ்சுத் தோல் மாதிரி உட்கார்ந்தது. பெரிய கம்ப்ரசர் உள்ளவர்கள் வாங்கலாம். நம் ஷெட்டுக்கு ஆகாது.

பட்டையும் நெளிகிறது. அதுவும் காற்றால்தான்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வேலை இல்லை. புதுச் சட்டைக்குத் தையல்காரர் பட்டன் துளையைச் சின்னதாக வெட்டிவிட்டார். துளசிமணிதான் போட்டுவிட்டாள். அவள் விரலுக்குத் துளை சரியாக இருக்கிறதாம்.

ஏப்ரல் 17, வியாழன்

கறுப்பு. உள்ளங்கைக்குள் காணாமல் போகிறது. விசையை இரண்டு விரலால் அழுத்தினாலே போதும். காற்றும் கொஞ்சம்தான் கேட்கிறது. ஆனால் கனமில்லாததால் ஆடுகிறது. ஒரு சாமான் கையில் நிற்க வேண்டும் என்றால் அதற்கென்று ஒரு கனம் வேண்டாமா? பைக் டேங்க் அடிக்கிறவர்களுக்குச் சரிப்படும்.

துளசிமணி அதைக் கழுவிவிட்டு, "இது நல்லாருக்குதுங்க" என்றாள். கழுவுகிறவர்களுக்குச் சின்னதாக இருந்தால் நல்லதுதான்.

ஏப்ரல் 21, திங்கள்

முதல் வேன் வந்தது. நீலக் கன்னில் பிரைமர் அடித்தேன். பரவாயில்லை.

ஏப்ரல் 23, புதன்

முதல் வேனுக்கு இன்று மஞ்சள். நீலக் கன்தான். காலையிலேயே கூரையும் வலது பக்கமும் முடித்தேன். இடது பக்கம் அடிக்கும்போது மணி பன்னிரண்டு. வெயில் ஏறிவிட்டது. பொழுது சாய்ந்து பார்த்தபோது சக்கர வளைவுக்கு மேலே மூன்று இடத்தில் பெயிண்ட் வடிந்து, கோடாக நின்றது. பின் கதவிலும் ஒன்று.

துளசிமணியும் பார்த்தாள். "காயட்டுங்க. நாளைக்குத் தொடாதீங்க" என்றாள். அவள் சொன்னது சரி. ஈரத்தில் தொட்டால் இன்னும் கெடும்.

ஏப்ரல் 25, வெள்ளி

அதிசயம். காலையில் போய்ப் பார்த்தால் வடிந்த கோடு ஒன்றுகூட இல்லை. விரலை வைத்துத் தடவினேன். கண்ணாடி. நீலக் கன் பெயிண்டை அவ்வளவு மெல்லிசாகப் பிரித்துப் போடுவதால், காயும்போது அது தானாகவே இழுத்துச் சமன் செய்துகொள்கிறது என்று நினைக்கிறேன். இருபத்தைந்து வருடத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பாய்க்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

துளசிமணி எனக்கு முன்னாலேயே ஷெட்டில் இருந்தாள். பால் வாங்க வந்தவள் அப்படியே வந்தேன் என்றாள். எங்களுக்குப் பாக்கெட் பால் வாசலுக்கே வருகிறது, ஒருவேளை இன்று வரவில்லை போலும். விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தது. அவளுக்குப் பாத்திரத்தைக் கொஞ்சம் அதிகமாகவே தேய்க்கிற பழக்கம்.

ஏப்ரல் 26, சனி

மேனேஜர் வந்தார். வேனைச் சுற்றி ஒருமுறை நடந்தார். இடது பக்கம் குனிந்து, அதில் தன் மீசையைச் சரிசெய்துகொண்டார்.

"பாத்தீங்களா சென்னியண்ணா, இதுக்குத்தான் உங்களைத் தேடி வர்றது. கை கைதானுங்க" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் கர்வமும்தான், மறைப்பானேன். இரண்டாவது வேனை இன்றே விட்டுவிட்டுப் போனார். கன் என்றால் நீலம்தான். திங்கட்கிழமை பாயிடம் சொல்லிவிடலாம்.

ஏப்ரல் 28, திங்கள்

துளசிமணி காங்கேயம் போயிருக்கிறாள். தங்கை மகளுக்குச் சீர். வெள்ளிக்கிழமைதான் வருவாள். போகும்போது, "நான் வந்ததுக்கு அப்பறம் மஞ்சள் அடிச்சுக்கலாமுங்க" என்றாள். அவள் வருவதற்கும் மஞ்சளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பஸ் வந்துவிட்டது.

ஏப்ரல் 29, செவ்வாய்

இரண்டாவது வேனுக்கு மஞ்சள் அடித்தேன். நீலக் கன். தனியாள். சுத்தமாக முடிந்தது.

ஏப்ரல் 30, புதன்

பொழுது சாய்ந்து பார்த்தபோது வடிந்திருந்தது. காலையில் சரியாகிவிடும்.

மே 1, வியாழன்

சரியாகவில்லை.

இடது பக்கம் ஏழு கோடு. வலது பக்கம் நான்கு. கூரையில் ஓரிடம் திட்டாகத் தடித்து, இன்னோரிடம் பிரைமர் தெரிகிறது. காரணங்கள்: ஒன்று, கம்ப்ரசரில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். இரண்டு, தின்னர் கலப்படம். மூன்று, கிழக்குக் காற்று. நான்கு, நீலக் கன் ஒரு வாரம் நன்றாக அடித்துவிட்டுக் கெட்டுப்போகிற ரகம்.

மே தினம் என்பதால் யாரும் வரமாட்டார்கள் என்றிருந்தேன். மேனேஜருக்கும் லீவு என்பதால்தான் வந்தாராம்.

"இதென்னுங்க, அடுப்புல பொங்கி வழிஞ்சாப்பல இருக்குது?"

"கன்னுல கோளாறுங்க."

"போன வண்டிக்கும் இதே கன்னுதானுங்களே?"

"ஆமாங்க."

"எனக்குக் கன்னப் பத்தியெல்லாம் தெரியாதுங்க. புதங்கிழமை வர்றேன். இது அந்த வண்டியாட்ட இருக்கோணும். இல்லீன்னா கோவிச்சுக்கக் கூடாது, நான் கோயமுத்தூருக்கே உட்டுக்கறேன்."

கோபப்பட்டுப் பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன். மனுஷன் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மே 2, வெள்ளி

துளசிமணி மத்தியானம் வந்தாள். பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக ஷெட்டுக்கு வந்து வேனைப் பார்த்தாள். "சாப்பிட்டீங்களா?" என்றாள். நான் இல்லை என்றேன். சமைக்கப் போனாள்.

வேனைத் திரும்பத் தேய்த்து அடிக்க வேண்டும். கண்ணாடிகளை மூடத் தாள் வேண்டியிருந்தது. பட்டி தேய்க்கிற பெஞ்சுக்குக் கீழே அவள் சேர்த்து வைத்திருக்கும் பழைய தாள் கட்டை இழுத்தேன். கன் கழுவும்போது மிஞ்சிய பெயிண்டை அடித்துத் தீர்க்கிற தாள்கள். இருபத்திரண்டு வருடத்தில் அதை நான் ஒருமுறைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை. குப்பையை யார் பார்ப்பார்கள்?

மேலேயே மஞ்சள் பட்டை போட்ட தாள் ஒன்று இருந்தது. காங்கேயம் போவதற்கு முன் இந்த ஷெட்டில் அவள் மஞ்சள் கழுவியது ஒரே ஒரு நாள், ஏப்ரல் 23. பட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே அகலம். அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று. நோட்டுப் புத்தகத்துக்குக் கோடு போட்டது மாதிரி. ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பாதி ஏறியிருந்தது. கப்பைக் காலி செய்கிறவள் அப்படி அடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

டைரியை எடுத்து 23ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன். அதே நாள், அதே கன், அதே டப்பா மஞ்சள். நான் ஒட்டிய தாளில் பட்டை பாம்பு ஊர்ந்தாற்போல் போயிருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். கறுப்புக் கன்னிலும் பாம்பு. சிவப்பிலும் பாம்பு.

பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தக் கட்டின் அடியில் இருந்த தாள்களையும் பார்த்தேன். வெள்ளை, சிவப்பு, சில்வர். எல்லாம் நேர்க்கோடு. பாலும் பாத்திரமும் ஞாபகத்துக்கு வந்தன. கையில் இருந்த டைரி சும்மாவே படபடத்தது. மின்விசிறி ஓடவில்லை.

சாப்பாடு வந்தது. சாப்பிட்டேன்.

மே 3, சனி

காலையில் கேட்டேன்.

"எத்தன நாளா?"

"எதுங்க?"

"வடிஞ்சதத் தேச்சு எடுக்கறது."

பெயிண்டைத் தேய்க்கிற வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே சொன்னாள். "பொங்கல்ல இருந்துங்க."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வேண்டாம். பாய் படிக்கிற டைரி. என்னைப் பைத்தியக்காரனாக்கிவிட்டாள் என்பதுதான் அதன் சாரம். உண்மையில் எனக்கு அவள்மேல் கோபமில்லை. மேனேஜர் "கை கைதானுங்க" என்று சொன்னபோது அவள் பக்கத்தில்தான் நின்றாள், மஞ்சள் துணியை மடித்துக்கொண்டு. நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அதை நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கம்தான் கத்தியது.

முடிக்கும்வரை காத்திருந்தாள். "ஆச்சுங்களா? கையை நீட்டுங்க" என்றாள்.

நீட்டினேன். ஆடியது. என் கை என் கண்முன்னால் ஆடுவதை முதல்முறையாக நின்று பார்த்தேன். அவள் தன் ஈரக் கையை அதற்கு அடியில் கொடுத்தாள்.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க. நீங்க கன்னையே சொல்லிட்டு இருந்தீங்க."

"ஏன் நீ சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

வாட்டர் பேப்பர் சரியில்லை என்று சொல்லியிருப்பேன்.

மே 5, திங்கள்

பல்லடத்தில் டாக்டரைப் பார்த்தோம். தாளைக் கொடுத்து ஜிலேபி மாதிரி சுற்றிச் சுற்றி வரையச் சொன்னார். வரைந்தேன். பேனா சரியில்லை என்றேன். அவர் தன் பேனாவைக் கொடுத்தார். அதுவும் சரியில்லை. உங்கள் அப்பாவுக்குக் கை நடுங்குமா என்று கேட்டார். அப்பா எப்போதும் டம்ளரை இரண்டு கையால் பிடிப்பார், அது மரியாதை என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"உயிருக்கு ஒண்ணுமில்லைங்க. மாத்திரை சாப்பிட்டாக் குறையும். முழுசா நிக்கும்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

வரும்போது பஸ்ஸில் துளசிமணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். "புதங்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள்தான்" என்றேன். "ஆமாங்க" என்றாள். ஷெட் வாசலில் இறங்கினோம். இறங்கியதும் அலமாரியைத் திறந்து மூன்று கன்னையும் எடுத்து அவள்முன் வைத்தேன்.

"எது வேணும்?"

அவள் என்னைத்தான் பார்த்தாள், கன்னைப் பார்க்கவில்லை. "உங்க கன்னுங்க" என்றாள்.

"இன்னும் பாய்க்குப் பணமே குடுக்கல. யாரோட கன்னும் இல்ல. எடு."

கறுப்பை எடுத்தாள்.

ஒரு பழைய பானெட்டில் அடித்துப் பார்த்தாள். ஒரு சாண் தூரம் என்று நான் சொன்னேன். தன் கையை விரித்து முனைக்கும் தகட்டுக்கும் நடுவில் வைத்தாள். டேப் வைத்து அளந்தேன். ஆறேமுக்கால் அங்குலம். சீட்டு எழுதியவரைப் பற்றி ஏப்ரல் 10ஆம் தேதி நான் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மே 6, செவ்வாய்

நேற்று மாலையும் இன்று விடியலிலும் இருவரும் சேர்ந்து இரண்டாவது வேனைத் தேய்த்தோம். தேய்ப்பதற்குக் கை ஆடினால் பாதகமில்லை, பார்க்கப்போனால் நல்லதுதான்.

எட்டு மணிக்கு அடிக்க ஆரம்பித்தாள். சேலைக்கு மேலே என் பழைய சட்டை, தலைக்குத் தொப்பி, மூக்குக்கு மாஸ்க். நான் பின்னால் நின்று காற்றுக் குழாய் வண்டியில் உரசாமல் தூக்கிப் பிடித்தேன். இருபத்திரண்டு வருடமாக அவள் பிடித்த குழாய். இவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது.

வலது பக்கம் முடித்து இடது பக்கம் பாதி வரும்போது மேனேஜர் வந்துவிட்டார். நாளைக்கு வர வேண்டியவர். சட்டையின் முதுகைப் பார்த்து, "சென்னியண்ணா, சும்மா இந்தப் பக்கம் வந்தனுங்க, நீங்க அடிங்க" என்றார். சட்டை திரும்பவில்லை. பாதி இழுப்பில் யாரும் திரும்ப மாட்டார்கள். அவர் ஈரப் பெயிண்டில் தன் மீசையைத் தேடினார். கிடைத்தது.

"இதுங்க! இதத்தான் நான் கேட்டது. கை கைதானுங்க!"

அப்புறம்தான் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்தார். ஒருமுறை சட்டையைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார்.

சும்மா இருந்திருக்கலாம். மேஸ்திரி ஒருவரை வைத்திருக்கிறேன் என்று சொன்னால் முடிந்தது. வாய்வரை வந்தது.

"அது என்ர ஊட்டுக்காரிங்க" என்றேன்.

"அம்மணிங்களா?" என்றார். "அப்ப மொத வண்டி?"

"அடிச்சது நானுங்க. வடிஞ்சது. நீங்க பாத்து நல்லாருக்குதுன்னு சொன்னதெல்லாம் அவ பண்ணுனது. எனக்குக் கை நடுங்குதுங்க."

சொல்லி முடித்ததும் காது இரண்டும் சுட்டது. துளசிமணி இழுப்பை முடித்துவிட்டுத்தான் விசையை விட்டாள். ஆறுச்சாமி மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை வேனைப் பார்த்தார்.

"காய எத்தன நாளாகுமுங்க அம்மணி?"

"ரெண்டு நாளுங்க."

"அப்ப வியாழக்கிழமை இதை எடுத்துட்டு மூணையும் நாலையும் உட்டர்றனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மாஸ்க்குக்குள் அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் இருந்தது. தின்னர் நெடியாகவும் இருக்கலாம். எனக்கும் இருந்தது. எனக்கு வந்தது நெடியால் இல்லை.

மே 9, வெள்ளி

பாய்க்குப் போன் செய்தேன்.

"முடிவு பண்ணியாச்சு பாய். கறுப்பு."

"என்னண்ணே இது? அது ரொம்பச் சின்னதுன்னு அன்னைக்கே சொன்னீங்க. உங்க கைக்குள்ள நிக்காதே?"

"என்ர கைக்கு இல்ல."

"பின்ன யாருக்குண்ணே?"

"பெயிண்டருக்கு."

பாய்க்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் டைரியைக் கேட்டார். சில பக்கங்களைக் கிழித்துவிட்டுத் தரலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை. கன் பார்க்கிற மற்ற பெயிண்டர்களும் முதல் பக்கத்திலிருந்தே படிக்கட்டும்.

மே 13, செவ்வாய்

நான்காவது வேன். கறுப்பு. வடியவில்லை. கன்னை நான் கழுவினேன். கப்பில் மிஞ்சியதைத் தாளில் அடித்துத் தீர்த்தேன், நெளிந்து நெளிந்து போனது. கழுவுவதற்கு அது போதும்.

நாலு மணிக்குப் பெயிண்டருக்கு டீ வாங்கி வந்தேன். முக்கால் கிளாஸ் வந்து சேர்ந்தது.